“சும்மா ஒரு விசாரணைதான்”: சம்மன் இல்லாமல் காவல் நிலையம் போய் வந்தவர்களின் அனுபவங்கள்

என் தந்தைக்கு வயது 67. நிலம் ஒன்றை விற்பதற்காக முன்பணம் பெற்று ஒப்பந்தம் எழுதியிருந்தார். பத்திரப் பதிவு தள்ளிப் போனதில் வாங்குபவருக்கும் அவருக்கும் மனக்கசப்பு ஏற்பட்டது. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய தகராறு அது. ஆனால் அழைப்பு வந்தது காவல் நிலையத்திலிருந்து. “பெரியவரே, ஐயா உங்களை வரச் சொல்றார், சும்மா ஒரு விசாரணைதான்” என்று ஒரு காவலர் தொலைபேசியில் சொன்னார். சம்மனும் இல்லை, என்ன புகார் என்ற விவரமும் இல்லை.

காலையில் போனவரை மாலை வரை பெஞ்சில் உட்கார வைத்து, கைப்பேசியை வாங்கி ரைட்டர் (நிலைய எழுத்தர்) மேசையில் வைத்துக்கொண்டார்கள். யாரும் அவரை அடிக்கவில்லை, ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். “கைது இல்லை என்றால் நான் வீட்டுக்குப் போகலாமா?” என்று அவர் எழுந்தபோது மட்டும், “ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்கார், வரட்டும்” என்று உட்கார்த்திவிட்டார்கள். ஐயா வந்ததும், ரைட்டர் சொல்லச் சொல்ல அவரை ஒரு வெள்ளைத்தாளில் எழுத வைத்தார்கள். அதன் முதல் வரி: “யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, சுயநினைவோடு எழுதிக் கொடுப்பது.” இரவு மாத்திரைக்கான நேரம் நெருங்கிக்கொண்டிருந்த அந்த முதியவர், முன்பணம் முழுவதையும் இரண்டு வாரத்துக்குள் திருப்பித் தருவதாகவும், தவறினால் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுவதாகவும் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் நான் சென்று, எந்த மனுவின் மேல் அவரை அழைத்தீர்கள், சி.எஸ்.ஆர். எண் (மனுவுக்கு நிலையத்தில் தரும் பதிவு எண்) என்ன என்று கேட்டேன். “பெரியவரை நல்லபடியா அனுப்பி வெச்சிருக்கோம், அதைக் கெடுத்துக்காதீங்க தம்பி” என்பதுதான் பதில். இப்படிப்பட்ட கடிதம் எழுதிக் கொடுத்தவர்கள் இங்கு யாரேனும் இருந்தால், பிறகு என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள்.

மறுமொழி

தம்பி, நான் ஒரு வழக்கறிஞரிடம் நெடுங்காலம் குமாஸ்தாவாக இருந்தவன். இதே முதல் வரியுடன் வந்த கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவின்படி, விசாரணை அதிகாரி சாட்சியை எழுத்துப்பூர்வமான ஆணையால்தான் அழைக்க முடியும். 60 வயதைக் கடந்த ஆண்களையும், எந்த வயதுப் பெண்களையும், அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்ல முடியாது. பழைய சட்டத்தில் இந்த வயது வரம்பு 65 ஆக இருந்தது. உங்கள் தந்தை இரண்டு கணக்கிலும் விலக்கு உள்ளவர். இந்த விலக்கைத் தெரிந்தே மீறும் அரசு ஊழியருக்கு, தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு. அந்தப் பிரிவில் வழக்குப் பதிவானதை என் அனுபவத்தில் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முறையாகப் பதிவான வழக்கின் விசாரணையில் பதிவு செய்யப்படும் வாக்குமூலத்தில்கூட, சொன்னவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்கிறது சுரக்ஷா சன்ஹிதாவின் 181-ஆம் பிரிவு. அப்படியிருக்க, வழக்கே பதியாத ஒரு பணத் தகராறில் வாங்கிய இந்தக் கடிதம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று கேட்டால் அவர்களால் ஒரு பிரிவையும் காட்ட முடியாது. என்ன நடந்தது என்பதைத் தேதியோடும் நேரத்தோடும் எழுதி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒப்புகையுடன் தபாலில் உடனே அனுப்பிவிடுங்கள். அன்றைய கண்காணிப்புக் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் அதில் கேளுங்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம் பாதுகாக்கச் சொல்லியிருக்கிறது. மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால் ஓராண்டுக்குள் போக வேண்டும்.

மறுமொழி

தெருவில் நடந்த ஒரு விபத்துக்கு நான் சாட்சி. விளக்கு வைத்த பிறகு அழைத்து, நிலையத்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போங்கம்மா என்றார்கள். வீட்டுக்கு வந்து கேளுங்கள், இல்லையென்றால் சம்மன் அனுப்புங்கள் என்றேன். வாட்ஸ்அப்பில் முத்திரையோடு ஒரு படம் வந்தது. நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினேன். மறுநாள் பகலில் ஒரு பெண் காவலருடன் வீட்டுக்கு வந்து, நான்கைந்து கேள்விகள் கேட்டுக் குறித்துக்கொண்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

முதல் பதிவர்

நன்றி ஐயா, நன்றி அம்மா. கண்காணிப்பாளருக்குத் தபால் அனுப்பி, ஒப்புகையும் வந்துவிட்டது. அதன் பிறகு நிலையத்திலிருந்து அழைப்பு இல்லை. ஆனால் வாங்குபவர் இப்போது உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறார். அவருடைய ஆவணப் பட்டியலில் அந்தக் கடிதத்தின் மூலப் பிரதியே இருக்கிறது. நிலையத்தில் எழுதி வாங்கிய தாள் அவர் கைக்கு எப்படிப் போனது என்பதைத்தான் எங்கள் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் முதலில் கேட்கப் போகிறார்.