மறு: ‘காம்பன்சேட்டரி எஜுகேஷன்’ – தமிழில் என்ன?

> டெக்சாஸில் உள்ள ‘அசோசியேஷன் ஆஃப் காம்பன்சேட்டரி எஜுகேட்டர்ஸ்’ பற்றி எழுதுகிறேன். ‘இழப்பீட்டுக் கல்வியாளர் சங்கம்’ என்று போட்டால் சரியா?

ஐயா, வணக்கம்.

ஏழைப் பிள்ளைகள் பின்தங்காமல் இருக்கப் பள்ளியில் கூடுதலாகத் தரும் கல்விதான் இது. இழப்பீடு வேண்டாம். அதைப் படித்ததும் விபத்து வழக்கும் ஜப்தி செய்த அரசுப் பேருந்தும்தான் கண்முன் நிற்கும்.

சங்கம் எதனால் வந்தது என்று பார்த்தால் சொல் தானே கிடைக்கும். 1965 ஏப்ரல் 11 அன்று டெக்சாஸில், தாம் சிறுவயதில் படித்த பள்ளிக்கு வெளியே மேசை போட்டு, முதன்முதலில் பாடம் சொல்லித்தந்த ஆசிரியையைப் பக்கத்தில் உட்காரவைத்து, தொடக்க–இடைநிலைக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார் அன்றைய அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன். 1928இல் டெக்சாஸின் கொட்டுலா ஊரில் மெக்சிகோ வம்சாவளி ஏழைப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தவர் அவர். சட்டத்தின் முதல் பகுதியான ‘டைட்டில் 1’, ஏழைக் குழந்தைகள் மிகுந்த பள்ளிகளுக்குக் கூட்டரசுப் பணம் தந்தது. அந்தப் பணத்தைப் பல பள்ளி மாவட்டங்கள் (அங்கே பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகள்) பொதுச் செலவில் கரைத்துவிட்டதாக 1969இல் ஓர் அறிக்கை அம்பலப்படுத்தியது. வழக்கமான செலவுக்கு மேல்தான் இது சேர வேண்டும், அதற்குப் பதிலாக அல்ல என்ற விதி 1970இல் இறுகியது. பாடமும் தெரிந்து கணக்கும் தெரிந்த ஆட்கள் இல்லாமல் இனி ஆகாது என்றாயிற்று. இப்படிப்பட்டவர்கள் கூடும் இடம்தான் இந்தச் சங்கம். அங்கே மாநில அரசும் இதே பெயரில் தனியாக நிதி ஒதுக்குகிறது.

1981இல் ‘டைட்டில் 1’ஐ ‘சாப்டர் 1’ ஆக்கினார்கள், 1994இல் பழையபடி மாற்றினார்கள். ஆகவே சட்டப்பிரிவின் பெயரைப் பிடித்துச் சொல்லாக்குவது வீண்.

‘குறைதீர் கற்பித்தல்’ ஏற்கெனவே ‘ரெமெடியல்’ என்பதற்குப் பி.எட். வகுப்பில் புழங்குகிறது. அதில் குறை பிள்ளையின் தலையில் ஏறிவிடுகிறது. இங்கே குறை பையில். ‘ஈடுசெய் கல்வி’ என்றால் மழை விடுமுறைக்குப் பதிலாக நடக்கும் சனிக்கிழமை வகுப்பு. ‘ஈட்டுக் கல்வி’யோ, திருவாய்மொழிக்கான ‘ஈடு’ வியாக்கியானம் படிக்கிறார்கள் என்று வைணவ நண்பர்கள் மகிழ்ந்துபோவார்கள்.

என் பரிந்துரை: ஈடுகட்டு கல்வி. துண்டு விழுந்ததை ஈடுகட்டுவது எந்த வீட்டுக்கும் தெரிந்த வேலை.

---

ஈடுகட்டு கல்வி எனக்குச் சம்மதம். வினைத்தொகை, ஆகவே யாரும் நடுவில் ‘க்’ போட்டுவிடாதீர்கள்.

ஆனால் ‘ஈடுகட்டு கல்வியாளர்’ என்றால் விடுப்பில் போனவருக்குப் பதில் வந்த ஆசிரியர் போலிருக்கிறது. ‘ஈடுகட்டு கல்விப் பணியாளர்’ என்றால் நிதியை மேற்பார்க்கும் அலுவலரும் உள்ளே வருவார். ‘சங்கம்’ என்றாலோ நம்மூரில் ஊதியக் குழு, போராட்டம், உண்ணாவிரதம். இது தொழில் பயிற்சிக்காகக் கூடுகிற அமைப்பு. ‘பேரவை’ போடலாமே?

---

பணியாளர் சரி. பேரவை என்றால் சட்டப்பேரவை. சங்கமே இருக்கட்டும் அம்மா.