சந்தேகம்: ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டுக் கட்டுரையின் வரைவு மதிப்பாய்வில் நிற்கிறது, எப்படிச் சரிசெய்வது?

அரூர் வாசகி:

தமிழ் விக்கிப்பீடியாவுக்காக, பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடின ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டைப் பற்றி ஒரு வரைவு என் மணல்தொட்டியில் (எழுதிப் பார்க்கற சொந்தப் பக்கம்) இருக்கு. ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்ப்புக் கருவியில் எடுத்து, அதுக்கு மேல நானும் சேர்த்து எழுதினது. மதிப்பாய்வு செஞ்சவங்க, “இப்படியே கட்டுரைவெளிக்கு நகர்த்த முடியாது”ன்னு, அதாவது கட்டுரையா வெளியிட முடியாதுன்னு, பேச்சுப் பக்கத்துல குறிப்பு போட்டிருக்காங்க.

யூடியூப் இணைப்பைச் சேர்த்தா பக்கம் சேமிக்கவே மாட்டேங்குது, எரிதம்னு (வேண்டாத விளம்பர இணைப்பு) எச்சரிக்கை வருது. மூணு மேற்கோள்ல தேதியைச் சரிபார்க்கச் சொல்லிச் சிவப்பு எழுத்து. ‘வெளியீடு’ பகுதியில ரெண்டு பத்தி பக்கத்துல காணோம், ஆனா தொகுக்கும் பெட்டியில இருக்கு. பொதுவகத்துல (எல்லா விக்கித் திட்டங்களுக்கும் பொதுவான படக் கிடங்கு) ஏத்தின அட்டைப்படத்தை நீக்கிட்டாங்க. இதுபோக “மொழிபெயர்ப்பு வாடை”, “சொந்த ஆய்வு”, “பங்களிப்பு விவரம் ஒரு பக்கம் சாய்கிறது”ன்னு மூணு குறிப்பு. கடைசி மூணும்தான் எனக்குப் பிடிபடலை. எங்கிருந்து தொடங்கறதுங்க?

ஓசூர் நிரலர்:

முதல்ல சிவப்பு எழுத்தையெல்லாம் தீர்த்துடுங்க, அரை மணி நேர வேலைதான்.

யூடியூப் செயலியில ‘பகிர்’ அழுத்தினா வர்றது சுருக்க முகவரி. இந்த மாதிரி சுருக்க முகவரிகள் பெரும்பாலும் விக்கித் திட்டங்களோட தடைப்பட்டியல்ல இருக்கும். அது எந்தத் தளத்துக்குக் கூட்டிட்டுப் போகுதுன்னு பார்த்தா தெரியாது, தடைசெஞ்ச தளங்களுக்கு அது சுத்துவழி ஆயிடும். அதனாலதான் தடை. காணொளியை உலாவியில திறந்து முழு முகவரியை எடுங்க. அதுல ‘வி’ சமக்குறிக்குப் பின்னாடி வர்ற 11 எழுத்தோட நிறுத்திடுங்க. அதுக்கப்புறம் ‘அண்ட்’ குறியோட தொடர்ற வாலை வெட்டிடலாம்.

தேதி 07-03-21னு போட்டிருப்பீங்க. மேற்கோளை வடிவமைக்கற வார்ப்புருவுக்கு எது நாள், எது ஆண்டுன்னு தெரியாது. 2021-03-07னு நாலு இலக்க ஆண்டை முதல்ல வெச்சு எழுதுங்க, ஒற்றை இலக்க மாதத்துக்கு முன்னாடி சுழியம் கட்டாயம். மேற்கோளைத் தானா உருவாக்கும் பொத்தானை அழுத்தியிருந்தா ஆசிரியர் புலத்தையும் பாருங்க. பத்திரிகைத் தளங்கள்ல ‘வெப் டெஸ்க்’, ‘செய்திப்பிரிவு’ மாதிரி இருக்கிறதை அது முதற்பெயர், குடும்பப்பெயர்னு ரெண்டாப் பிரிச்சுப் போட்டுடும். அதை அழிச்சுடணும்.

காணாமப்போன பத்திகள் அடிக்குறிப்புக்குள்ள போயிருக்கு. ஒரே மேற்கோளை ரெண்டாவது தடவை பெயர் சொல்லிக் கூப்பிடும்போது குறிச்சொல்லை மூடும் முன்னாடி ஒரு சாய்கோடு வரணும். அது விட்டுப்போனா மென்பொருள் அதைப் புது மேற்கோளோட தொடக்கம்னு எடுத்துக்கும். அடுத்து எங்கே மூடும் குறிச்சொல் வருதோ அதுவரை இருக்கிற எல்லாத்தையும் விழுங்கிடும். ‘வெளியீடு’ பகுதிக்குச் சற்று மேலே பெயர் கொடுத்த மேற்கோள்களைப் பாருங்க, சாய்கோடு இல்லாத ஒண்ணு கண்டிப்பா இருக்கும். ஒரே பெயர்ல ரெண்டு வேற வேற மேற்கோள் வெச்சாலும் பிழை வரும்.

அட்டைப்படம் பதிப்புரிமை உள்ளது. பொதுவகத்துல கட்டற்ற உரிமம் உள்ள படம் மட்டும்தான் நிக்கும். இப்படிப் பதிப்புரிமை உள்ளதை வரம்போட எடுத்துக்கற நியாயப் பயன்பாட்டுப் படத்தைத் தமிழ் விக்கிப்பீடியாவுலயே ஏத்தணும். நீளம் அகலம் 300 படப்புள்ளி அளவுக்குக் குறைச்சு, எந்தக் கட்டுரைக்கு, ஏன் வேணும்னு காரணம் எழுதணும். கட்டுரைவெளிக்கு நகர்த்தின பிறகு ஏத்துங்க. மணல்தொட்டியில அந்த வகைப் படம் வைக்கக் கூடாது. பகுப்புகளுக்கும் (கட்டுரைகளை வகைப்படுத்தற பட்டியல்கள்) இதே மாதிரி ஒரு கட்டுப்பாடு இருக்கு. வரைவா இருக்கும்வரை ‘பகுப்பு’ன்ற சொல்லுக்கு முன்னாடி ஒரு முக்காற்புள்ளி போட்டு வைங்க, இல்லேன்னா உங்க மணல்தொட்டியே பாடல்கள் பட்டியல்ல போய் நிக்கும்.

பென்னாகரம் தமிழாசிரியர்:

வரைவைப் படித்தேன். மொழிபெயர்ப்பு வாடை என்று சொன்னது சரிதான் அம்மா. கருவி ஒவ்வொரு சொல்லையும் தனியாகப் பார்த்திருக்கிறது. “இப்பாடல் ஒற்றையாக விடுவிக்கப்பட்டது” என்று ஒரு வரி இருக்கிறது. ஒருவரைச் சிறையிலிருந்து விடுவிக்கலாம், பாட்டை வெளியிடத்தான் முடியும். ‘ஒற்றை’யை எடுத்துவிட்டுத் ‘திரைப்படம் சாராத பாடல்’ என்று எழுது. ‘தனிப்பாடல்’ என்றும் பலர் எழுதுகிறார்கள். ஆனால் அந்தச் சொல் காளமேகப் புலவரின் தனிப்பாடல்களையும் குறிக்கும், ஒருவர் மட்டும் பாடிய பாட்டையும் குறிக்கும். இதில் இரண்டு குரல்கள் இருப்பதால் வாசகருக்குக் குழப்பம் வரும். ‘விளக்கப்படங்களில் முதலிடம்’ என்பதைத் ‘தரவரிசைப் பட்டியலில் முதலிடம்’ என்று மாற்று. ‘கொக்கி வரி’யைப் ‘பல்லவியில் திரும்பத் திரும்ப வரும் அடி’ என்றாலே போதும். ‘பதிவு முத்திரை’ என்று இருப்பது ‘இசை வெளியீட்டு நிறுவனம்’.

மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது ‘தயாரித்தார்’ என்ற சொல். யூடியூபில் காணொளித் தலைப்பிலேயே சந்தோஷ் நாராயணன் பெயருக்கு முன் அந்தப் பொருள் தரும் ஆங்கிலச் சுருக்கம் இருக்கிறது. இசைத்துறையில் அது ஒலிப்பதிவை வடிவமைத்து முடித்துத் தருபவரைக் குறிக்கும். தமிழில் வெறும் ‘தயாரிப்பாளர்’ என்றால் பணம் போட்டவர் என்றுதான் நம் மக்கள் படிப்பார்கள். எல்லா இடத்திலும் ‘இசைத் தயாரிப்பாளர்’ என்று எழுது.

பாடியவர்களின் பெயர்களிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘தீ’, ‘அறிவு’ இரண்டுமே தமிழில் பொதுச்சொற்கள். உன் வரைவில் ‘தீ’ என்ற உள்ளிணைப்பைச் சொடுக்கினால் நெருப்பைப் பற்றிய கட்டுரை திறக்கிறது. அந்தக் கலைஞருக்கான சரியான தலைப்பைத் தேடி இணைத்து, கண்ணுக்குப் பெயர் மட்டும் தெரியும்படி நடுவில் செங்குத்துக் கோடு போட்டு எழுது. முதல் முறை சொல்லும்போது ‘பாடகி தீ’, ‘ராப் பாடகர் அறிவு’ என்று அடைமொழி சேர்த்துவிடு. “அறிவின் வரிகள் ஆழமானவை” என்ற தொடரில் அது ஆளா, ஞானமா என்று தெரியவில்லை. அந்த வரி பாராட்டும்கூட, எப்படியும் நீக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, ‘கௌ’, ‘மௌ’ வரும் இடங்களில் ஒற்றைக்கொம்போடு ‘ள’ எழுத்தைத் தட்டியிருக்கிறாய். கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் கணினிக்கு அது வேறு சொல், தேடலில் கிடைக்காது. ஔகாரக் குறியை அதற்குரிய விசையில் அடி.

காவேரிப்பட்டணம் குறிப்பேடு:

சாய்வு பற்றிய குறிப்புக்கு நான் சொல்றேன். இந்தப் பாட்டைப் பற்றி எழுதறவங்க எல்லாரும் தடுக்கி விழற இடம் இது.

உங்க தகவற்பெட்டியில (கட்டுரையோட தொடக்கத்துல வர்ற விவரப் பெட்டி) ‘இசையமைப்பாளர்’ புலத்துல ஒரே ஒரு பெயரைப் போட்டு, மேற்கோளா ஒரு தரப்போட அறிக்கையை மட்டும் கொடுத்திருக்கீங்க. 2022 ஜூலை 28 அன்னிக்குச் சென்னையில 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவுல இந்தப் பாட்டை தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் பாடினாங்க, அறிவு மேடையில இல்லை. அதுக்குப் பிறகு சில நாள்ல அறிவும் சந்தோஷ் நாராயணனும் பாட்டு உருவான விதம் பற்றித் தனித்தனியா அறிக்கை வெளியிட்டாங்க. ரெண்டும் எல்லா விவரத்திலும் ஒத்துப்போகலை. எது உண்மைன்னு தீர்ப்பு சொல்றது கலைக்களஞ்சியத்தோட வேலை இல்லை. யார் என்ன சொன்னாங்கன்னு சொன்னவர் பேரோட பதிவு செய்யறதுதான் வேலை.

அதனால தகவற்பெட்டியில, பாட்டு வெளியானபோது வெளியீட்டாளர் கொடுத்த விவரம் மட்டும் இருக்கட்டும். காணொளியோட விவரப் பகுதியைத் திறந்து, அதுல எந்தச் சொல் இருக்கோ அதையே எடுங்க, நீங்களா மாத்த வேண்டாம். மாறுபட்ட கூற்றுகளுக்குக் கீழே ‘பங்களிப்பு குறித்த விவாதம்’னு ஒரு பகுதி. அங்கே அறிவு சொன்னது ஒரு பத்தி, சந்தோஷ் நாராயணன் சொன்னது ஒரு பத்தி, ரெண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். மேற்கோளுக்கு அவங்க சமூக ஊடகப் பதிவைவிட, அதைச் செய்தியா வெளியிட்ட நாளிதழ் நல்லது. ‘கூறினார்’, ‘தெரிவித்தார்’ போதும். ‘ஒப்புக்கொண்டார்’, ‘அம்பலப்படுத்தினார்’, ‘மழுப்பினார்’ மூணையும் இப்பவே எடுத்துடுங்க, அந்த வினைகளே ஒரு பக்கம் தீர்ப்பு சொல்லுது. இவங்க எல்லாரும் வாழும் நபர்கள். சான்றில்லாத சர்ச்சை வரி ஒண்ணு இருந்தாலும் யாரையும் கேட்காம உடனே நீக்கலாம்ங்கறது விதி. அப்படி நீக்கினா கோவிச்சுக்காம பேச்சுப் பக்கத்துக்குப் போங்க.

அந்தப் பகுதி கட்டுரையில பாதியை விழுங்கிடக் கூடாது. உங்க வரைவுல விவாதத்துக்கு 9 பத்தி, பாட்டோட இசைக்கும் வரிகளுக்கும் ஒண்ணரைப் பத்தி. படிக்க வர்றவங்க பாட்டைப் பற்றித் தெரிஞ்சுக்க வர்றாங்க. ஒப்பாரி மெட்டும் ராப்பும் எப்படிச் சேருது, நிலத்தையும் முன்னோரையும் வரிகள் எப்படிச் சொல்லுது, இசை விமர்சகர்கள் எழுதினது என்ன, இதெல்லாம் வளரட்டும்.

அரூர் வாசகி:

ரொம்ப நன்றிங்க ஐயா, அண்ணா, எல்லாருக்கும். சாய்கோடுதான் பிரச்சினை, சரியாயிடுச்சு. இன்னும் மூணு கேள்வி.

தருமபுரிப் பக்கம் தெருக்கூத்துல வர்ற மெட்டோட இந்தப் பாட்டு ஒத்துப்போகுதுன்னு ஒரு பத்தி எழுதியிருந்தேன். ‘சொந்த ஆய்வு’ குறிப்பு அதுக்குத்தான் வந்திருக்கு. கேட்டாலே தெரியுதே, ஏன் வைக்கக் கூடாது? அப்புறம் பாட்டு வரிகளை முழுசா ஒரு பெட்டியில போடலாமா? நாளிதழ்ல படிச்ச ஒரு கட்டுரை இணையத்துல கிடைக்கலை, அச்சுல இருந்தே மேற்கோள் காட்டலாமா?

காவேரிப்பட்டணம் குறிப்பேடு:

கூத்து இங்கே இன்னும் உயிரோட ஆடற கலை, அதனால உங்க காது சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா நாளைக்குத் தேனியிலிருந்து ஒருத்தர் தங்க ஊர் மெட்டுன்னு எழுதினா ரெண்டுல எதை வைக்கறது? இந்தப் பாட்டையும் கூத்து இசையையும் ஒப்பிட்டு வேற யாராவது நூல்லயோ ஆய்விதழ்லயோ எழுதியிருந்தா, அவர் பேரைச் சொல்லிச் சேர்க்கலாம். கூத்தைப் பற்றி ஒரு சான்று, பாட்டைப் பற்றி ஒரு சான்று, ரெண்டையும் நீங்களே முடிச்சுப்போட்டா அதுவும் சொந்த ஆய்வுதான். வரைவுல இதே மாதிரி இன்னொரு இடம் இருக்கு, அது மதிப்பாய்வு செஞ்சவங்க கண்ணுலயும் படலை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல வேலை பார்த்த தன் பாட்டி வள்ளியம்மாளைப் பற்றி அறிவு பேட்டிகள்ல சொல்லியிருக்கார், அது இருக்கட்டும். அடுத்த வரியில இலங்கையில இருந்த இந்திய வம்சாவளியினரைப் பற்றி ரெண்டு நாடும் செஞ்ச 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து, அதனாலதான் அந்தக் குடும்பம் திரும்பி வந்ததுன்னு எழுதியிருக்கீங்க. ஒப்பந்தம் உண்மை. ஆனா அந்தக் குடும்பத்தையும் ஒப்பந்தத்தையும் ஒண்ணா இணைச்சுச் சொல்ற சான்று உங்க மேற்கோள்ல இல்லை. கிடைக்கும்வரை அந்த வரி வேண்டாம்.

கூத்துப் பத்தியைத் தூக்கி எறியாதீங்க. தருமபுரி மாவட்டக் கூத்தைப் பற்றி நூல் சான்றோட தனியா எழுதினா, அது அந்தக் கட்டுரைக்கு நல்ல சேர்ப்பு.

வரிகளை முழுசாப் போடக் கூடாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி வரிகளுக்கு உரிமை எழுதினவர் ஆயுள் முழுக்க, அதுக்கப்புறம் 60 ஆண்டு. ஓர் அடியை எடுத்து அதைப் பற்றி ஒரு விமர்சகர் சொன்னதோட சேர்த்து எழுதலாம். அனுமதியில்லாம முழு வரியையும் போட்டிருக்கிற தளத்துக்கு வெளி இணைப்பும் கொடுக்கக் கூடாது.

பென்னாகரம் தமிழாசிரியர்:

அச்சுச் சான்றுக்கு இணைய முகவரி தேவையில்லை. இதழின் பெயர், கட்டுரைத் தலைப்பு, எழுதியவர், தேதி, பக்க எண் இருந்தால் போதும். ஆனால் பதிப்பையும் குறிப்பிடு. தருமபுரியில் நமக்கு வருவது பெரும்பாலும் சேலத்தில் அச்சாவது, ஓசூரில் பெங்களூர்ப் பதிப்பும் கிடைக்கும். ஒரே நாளில் ஒரே கட்டுரை இரண்டிலும் வேறு வேறு பக்கத்தில் இருக்கும், சரிபார்க்கப் போகிறவர் தேடித் தேடி ஏமாறுவார். வெட்டி வைத்த துண்டில் தேதி இல்லையென்றால் மாவட்ட மைய நூலகத்தில் பழைய இதழ்க் கட்டு இருக்கிறதா என்று கேட்டுப் பார், நினைவிலிருந்து தேதி எழுதாதே.

ஓசூர் நிரலர்:

கன்னட, தெலுங்கு இதழ்கள்ல வந்ததையும் சேர்க்கலாம். மொழிப் புலத்துல எந்த மொழின்னு எழுதி, தலைப்போட தமிழாக்கத்தையும் கொடுங்க. இணைய மேற்கோள் எல்லாத்தையும் வேபேக் மெஷின்ங்கற இணையக் காப்பகத்துல சேமிச்சு, காப்பக முகவரி, காப்பகத் தேதி ரெண்டு புலத்தையும் சேர்த்தே நிரப்புங்க. ஒண்ணு மட்டும் இருந்தா மறுபடி சிவப்பு எழுத்து வரும்.

அரூர் வாசகி:

முன்னுரையைத் திருத்திட்டேன், பாருங்க:

“எஞ்சாயி எஞ்சாமி என்பது 2021 மார்ச் 7 அன்று வெளியான, திரைப்படம் சாராத தமிழ்ப் பாடல். பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடியுள்ளனர். சந்தோஷ் நாராயணன் இதன் இசைத் தயாரிப்பாளர். மாஜா நிறுவனம் வெளியிட்டது. காணொளியை அமித் கிருஷ்ணன் இயக்கினார். உலகப் புகழ்பெற்ற இப்பாடல் இன்றுவரை பல கோடிப் பார்வைகளைக் கடந்துள்ளது.”

காவேரிப்பட்டணம் குறிப்பேடு:

கடைசி வரி தவிர எல்லாம் நல்லா இருக்கு. ‘உலகப் புகழ்பெற்ற’ வேண்டாம். ‘இன்றுவரை’ன்னா எந்த நாள்? அஞ்சு வருஷம் கழிச்சுப் படிக்கிறவங்களுக்கு அது பொய்யாயிடும். பார்வை எண்ணிக்கையைக் குறிப்பிட்டு எழுதின ஒரு செய்தியை எடுத்து, அதுல இருக்கிற எண்ணையும் அந்தச் செய்தியோட மாதம், ஆண்டையும் போட்டு ‘வரவேற்பு’ பகுதிக்கு நகர்த்துங்க. அந்த இடத்துல, பங்களிப்பு பற்றி 2022இல் விவாதம் எழுந்ததுன்னு ஒரே ஒரு வரி வரணும். கீழே ஒரு பகுதியே இருக்கிற விஷயம் முன்னுரையில இல்லாம இருக்கக் கூடாது.

ஓசூர் நிரலர்:

நகர்த்தும்போது ஆங்கிலக் கட்டுரையிலிருந்து மொழிபெயர்த்ததுன்னு தொகுப்புச் சுருக்கத்துல அந்தக் கட்டுரைக்கு இணைப்போட எழுதுங்க, உரிமப்படி அது கட்டாயம். ‘என்ஜாய் எஞ்சாமி’, ‘எஞ்சாய் எஞ்சாமி’ ரெண்டு தலைப்புலருந்தும் இந்தக் கட்டுரைக்கு வழிமாற்று போடுங்க, தேடறவங்க மூணு விதமாத் தட்டுவாங்க. பிறகு பகுப்பு முன்னாடி இருக்கிற முக்காற்புள்ளியை எடுத்துட்டு, விக்கித்தரவுல மத்த மொழிக் கட்டுரைகளோட இணைங்க. அட்டைப்படம் அதுக்கப்புறம்.

அரூர் வாசகி:

கடைசி வரியை மாத்திட்டேன், விவாதப் பகுதியை 9 பத்தியிலிருந்து 3 ஆக்கிட்டேன். கூத்துப் பத்தியைத் தனி மணல்தொட்டிக்கு எடுத்து வெச்சிருக்கேன். மறுமதிப்பாய்வுக்குப் பேச்சுப் பக்கத்துல குறிப்பு போட்டாச்சுங்க.