799 டாலர் எப்படி 79,900 ரூபாய் ஆனது?

மேலவீதிக்காரன்
நேற்று தங்கம் விலை பற்றிய இழையில், "கைபேசி விலை ஏறவே இல்லை, ரூபாய்தான் இறங்கியிருக்கிறது. டாலர் 90-ஐத் தாண்டினால் கம்பெனிக்காரன் என்ன செய்வான்?" என்று நம் கணக்கன் அவர்கள் திருவாய் மலர்ந்தருளியிருக்கிறார். அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். தங்கம் பேசுகிற இடத்தில் தகரம் பேசுவானேன் என்று விட்டுவிட்டேன். ஆகவே இந்தத் தனி இழை.

ஐபோன் 13, 2021-இல் அமெரிக்காவில் 799 டாலர், இங்கே 79,900 ரூபாய். 2022-இல் ஐபோன் 14: அங்கே 799, இங்கே 79,900. அடுத்து 15, அதே விலை. 16, அதே விலை. இதற்கிடையில் டாலர் 73 ரூபாயிலிருந்து 84 ரூபாய்க்குப் போய்விட்டது. ரூபாய் இறங்கியதுதான் காரணம் என்றால், 73-இலும் 84-இலும் ஒரே விலை எப்படி வரும்? டாலர் குறியை அழித்துவிட்டு இரண்டு சுழியம் சேர்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய பொருளாதாரம். கணக்கன் வந்து விளக்கட்டும்.

கணக்கன்
வந்துவிட்டேன். அமெரிக்காவில் விளம்பரப்படுத்தும் விலையில் விற்பனை வரி கிடையாது. ரசீது போடும்போது மாநிலத்துக்கு ஏற்பச் சேரும். ஆரிகனிலும் டெலவேரிலும் ஒன்றுமில்லை. கலிபோர்னியாவில் குறைந்தது 7.25 சதவீதம். இங்கே 79,900 என்பது 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ளடங்கிய விலை. 799-ஐ 84-ஆல் பெருக்கி 18 சதவீதம் சேர்த்துப் பாருங்கள்: 79,197. ஐபோன் 16-இல் உங்களிடம் கூடுதலாக வாங்கியது எழுநூறு ரூபாய்.

2025-இல் வந்த 17-க்கும் போடுங்கள். அப்போது டாலர் 88. வரியோடு 82,968 வருகிறது. இங்கே விலை 82,900. அறுபத்தெட்டு ரூபாய் உங்களுக்கு லாபம். நன்றி சொல்ல வேண்டாம்.

மேலவீதிக்காரன்
16-க்குக் கணக்குப் போட்டார், 17-க்குப் போட்டார். 13-க்கு ஏன் போடவில்லை? நானே போடுகிறேன். 799-ஐ 73.5-ஆல் பெருக்கி, அவருடைய 18 சதவீதத்தையும் சேர்த்தால் 69,297. விற்றது 79,900. பத்தாயிரத்து அறுநூறு ரூபாய் எங்கே போனது? வசதியான ஆண்டை எடுத்துக்கொண்டு வசதியில்லாத ஆண்டை மறைப்பதற்குப் பெயர் கணக்கா?

கணக்கன்
13 வெளிவந்தபோது இறக்குமதிப் பொருள். சுங்க வரி 20 சதவீதம், அதன்மேல் சமூக நலக் கூடுதல் வரி, ஆக 22. நீங்கள் சொன்ன 69,297-இல் அதையும் ஏற்றினால் 84,500-ஐத் தாண்டும். அதற்கும் குறைவாகத்தான் விற்றிருக்கிறார்கள். பத்தாயிரம் எங்கே போனது என்று டெல்லியைக் கேளுங்கள்.

ஒரகடத்துக்காரி
கணக்கன் அண்ணா, ஒரு சின்னத் திருத்தம். ஐபோன் 13-ஐ 2022 ஏப்ரலிலேயே ஸ்ரீபெரும்புதூரில் தயாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் பஸ் பஸ்ஸாக அந்த ஆலைக்குப் போய் வருகிறார்கள். இங்கே செய்த பிறகு செப்டம்பர் வரை விலை ஒரு ரூபாய்கூடக் குறையவில்லையே? அடுத்த மாடல் வந்தபோது பழையது என்பதற்காகத்தான் குறைத்தார்கள்.

மேலவீதிக்காரன்
அப்படிப் போடுங்கள் தங்கையே! இறக்குமதி வரி இல்லை, கப்பல் கூலி இல்லை, ஆனாலும் 79,900. ஏன்? இரண்டு சுழியம்!

இன்னொன்று. சுங்க வரியைக் கடை விலையின்மேலா போடுவார்கள்? துறைமுகத்தில் இறங்கும்போது காட்டுகிற மதிப்பின்மேல் போடுவார்கள். கடைக்காரரின் லாபத்துக்கும் சேர்த்துச் சுங்க வரி போட்ட முதல் கணக்குப்பிள்ளை நம் கணக்கன்தான்.

கணக்கன்
கடை விலையையே டாலரால் பெருக்கி இழை தொடங்கியவர் நீங்கள். உங்கள் பாதையிலேயே நான் நடந்தால் வழி தவறு என்கிறீர்கள்.

இங்கே செய்தாலும் திரை, சில்லு, கேமரா எல்லாம் வெளியிலிருந்து வருகின்றன. அவற்றுக்கு டாலரில்தான் பணம் கொடுக்க வேண்டும்.

டாலஸ் மாமா
நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் இங்கே இருபக்கமும் சேராதவன். 799 என்ற எண்ணே சரியில்லை. 13 முதல் 16 வரை, 799 என்பது பெரிய தொலைபேசி நிறுவனங்களின் இணைப்போடு வாங்குகிறவர்களுக்கு. இணைப்பு இல்லாமல் வாங்கினால் 829. டாலஸில் விற்பனை வரி 8.25 சதவீதம் சேர்த்தால் 897 டாலர். 84 ரூபாய்க் கணக்கில் 75,400. உங்கள் ஊர் விலைக்கும் இதற்கும் நாலாயிரத்து ஐந்நூறுதான் வித்தியாசம். போதாததற்கு, 14-இலிருந்து அமெரிக்க மாடலில் சிம் அட்டை செருக இடமே கிடையாது. ஊருக்கு வாங்கி வரச் சொல்லும் மைத்துனர்கள் இதைக் கவனிக்க.

மேலவீதிக்காரன்
மாமா, விளம்பரத்தில் 799 என்றுதானே கொட்டை எழுத்தில் போட்டார்கள்? 829 என்று போட்டார்களா? நான் விளம்பரத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

கணக்கன்
முதல் பதிவில் விலை. இப்போது விளம்பரம். நாளைக்கு அட்டைப்பெட்டியின் நிறமா?

பழசே_போதும்
ஐபோனை விட்டுவிட்டுப் பேசுவோமா? 2014 டிசம்பரில் சீனக் கைபேசியான ஒன்பிளஸ் ஒன் இங்கே வந்தபோது 21,999 ரூபாய். அமெரிக்காவில் அது 349 டாலர். அன்று டாலர் 62 ரூபாய், கிட்டத்தட்ட நேர் விலை. 2025 ஜனவரியில் ஒன்பிளஸ் 13 வந்தபோது 69,999. டாலர் 62-இலிருந்து 86-க்குப் போயிருக்கிறது, ஒன்றரை மடங்குகூட இல்லை. கைபேசி விலை மூன்று மடங்குக்கும் மேலே. ஆகவே "ரூபாய்தான் இறங்கியது, விலை ஏறவில்லை" என்று கணக்கன் சொன்னது இங்கே நிற்காது. மேலவீதிக்காரர் இதைச் சொல்லியிருந்தால் எப்போதோ ஜெயித்திருப்பார்.

மேலவீதிக்காரன்
யாருக்கு யார் ஜெயிக்கக் கற்றுக்கொடுப்பது? நான் கேட்டது 799 எப்படி 79,900 ஆனது என்று. சீனக் கைபேசிகளைப் பற்றி நான் கேட்கவே இல்லை. இழையைத் திசைதிருப்பாதீர்கள்.

பழசே_போதும்
உங்களுக்கு ஆதரவாகத்தானே பேசினேன்?

மேலவீதிக்காரன்
ஆதரவு கேட்டேனா?

கணக்கன்
பழசே, நீங்கள் சொன்ன அதே ஒன்பிளஸ் 13 அமெரிக்காவில் 899 டாலர். 86-ஆல் பெருக்கினால் 77,314, அதுவும் வரி சேர்க்காமல். இங்கே வரியோடு 69,999. அதாவது அமெரிக்கரைவிட நாம் குறைவாகக் கொடுக்கிறோம். இதையும் கொள்ளை என்பீர்களா? தவிர, 2014-இல் வந்தது அந்தக் கம்பெனியின் முதல் கைபேசி. பெயர் வாங்குவதற்காக ஒட்டினாற்போல் விலை வைத்தார்கள். இன்றைக்கு நினைவகச் சில்லு முழுவதையும் செயற்கை நுண்ணறிவுக் கணினிக் கூடங்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. சில்லு விலை ஏறும்போது கைபேசி விலை இறங்குமா?

பழசே_போதும்
ஆக, விலை ஏறியிருக்கிறது. அதைத்தானே இவ்வளவு நேரம் இல்லை என்றீர்கள்?

ஒரகடத்துக்காரி
எல்லோரும் அடிப்படை மாடலையே பிடித்துத் தொங்குகிறீர்கள். வலி இருப்பது விலை கூடிய ப்ரோ மாடலில். 2023-இல் 15 ப்ரோ அங்கே 999 டாலர், இங்கே 1,34,900. டாலர் 83, ஜி.எஸ்.டி. சேர்த்தாலும் 97,842. முப்பத்தேழாயிரம் வித்தியாசம்! சரி, அது இறக்குமதி என்று வைத்துக்கொள்வோம்; 22 சதவீதத்தை ஏற்றினாலும் 1,19,400-க்குள் அடங்கிவிடும். 2025-இல் 17 ப்ரோ 1,099 டாலர், இங்கே மறுபடியும் 1,34,900. இப்போது ப்ரோவும் நம் நாட்டில்தான் தயாராகிறது. டாலர் 88, வரியோடு 1,14,120. மீதி இருபதாயிரத்துக்குக் காரணம் யார் சொல்வீர்கள்? செய்பவள் எங்கள் தெருப் பெண், வாங்க முடியாதவளும் அவள்தான்.

கணக்கன்
நடுவில் 2024-ஐ ஏன் தாண்டினீர்கள், தங்கச்சி? அந்த ஜூலை பட்ஜெட்டில் சுங்க வரி 20-இலிருந்து 15-க்கு இறங்கியதும் 15 ப்ரோவில் ஐயாயிரம் குறைத்தார்கள். 16 ப்ரோ 1,19,900-க்கு வந்தது. வரி குறைந்தால் விலை குறையும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஒரகடத்துக்காரி
அடுத்த ஆண்டே பதினைந்தாயிரம் ஏற்றியதற்கு எது சாட்சி?

கணக்கன்
சேமிப்பிடம் 128 ஜி.பி.யிலிருந்து 256 ஜி.பி. ஆனது. அமெரிக்காவிலும் 100 டாலர் ஏறியது.

மேலவீதிக்காரன்
ப்ரோ, கிரோ எல்லாம் பணக்காரர் பிரச்சினை. 13-க்குப் பதில் வரவில்லை. எழுதி வையுங்கள்: 799, 79,900.

ஜூரோங்வாசி
சிங்கப்பூரிலிருந்து சொல்கிறேன். எல்லாரும் இங்கே விலை மலிவு என்று நினைக்கிறீர்கள். ஐபோன் 17 இங்கே 1,299 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வெள்ளி 68 ரூபாய்க்கு மேல் இருக்கிறது. 88,000 ரூபாய் தாண்டிவிடும். இந்தியாவில் 82,900. நீங்கள்தான் எனக்கு வாங்கி அனுப்ப வேண்டும்! ப்ரோ வேண்டுமானால் இங்கே லாபம், அடிப்படை மாடலுக்கு இல்லை.

பழசே_போதும்
சிங்கப்பூர் விமான நிலையத்தில் அந்த ஊர் ஜி.எஸ்.டி. 9 சதவீதத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமே?

ஜூரோங்வாசி
அது சுற்றுலாப் பயணிகளுக்கு. வேலை அனுமதியில் இருக்கிறவனுக்குக் கிடையாது. இதைப் பொங்கலுக்குப் பொங்கல் சொல்கிறேன். ஊரில் யாரும் நம்புவதில்லை. 9 சதவீதத்தை நான் அமுக்கிக்கொண்டேன் என்று இன்னும் என் பெரியப்பா மகன் பேசிக்கொண்டிருக்கிறான்.

மேலவீதிக்காரன்
வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இங்கே வந்து "உங்கள் ஊரில் மலிவு" என்று சொல்வது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது. உங்கள் ஒரு மாதச் சம்பளத்தில் எத்தனை கைபேசி வாங்கலாம், தஞ்சாவூர்க்காரன் சம்பளத்தில் எத்தனை வாங்கலாம் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

ஜூரோங்வாசி
வீட்டு வாடகையையும் சேர்த்துச் சொல்லட்டுமா?

வெள்ளவத்தையான்
உங்கள் சண்டையைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. 73, 84, 88 என்று நாலு வருடமாக ஊர்ந்து வந்ததற்கே இவ்வளவு ஒப்பாரியா? இலங்கையில் எங்களுக்கு 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் டாலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதம் 360. அந்த இரண்டு மாதத்தில் கடைக்காரர் காலையில் சொன்ன விலையைப் பின்னேரம் சொல்லவில்லை. 2024 ஜனவரியில் வற் எனும் மதிப்புக்கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதுவரை வரிவிலக்கில் இருந்த கைத்தொலைபேசியையும் அதற்குள் இழுத்துவிட்டார்கள். டாலர் 300-க்கு இறங்கி வந்த பிறகும் பழைய விலை திரும்பவில்லை. உங்களுக்கு ஒரே விலை நாலு வருடம் நின்றது. அதையும் குற்றம் என்கிறீர்கள்.

மேலவீதிக்காரன்
உங்கள் துன்பம் பெரியதுதான் ஐயா, மறுக்கவில்லை. அதற்காக எங்கள் பத்தாயிரம் பத்தாயிரம் இல்லாமல் போய்விடுமா? பக்கத்து வீட்டில் கூரை எரிகிறது என்பதற்காக என் வீட்டு ஒழுகலை நான் அடைக்கக் கூடாதா?

வெள்ளவத்தையான்
அடையுங்கள். சத்தம் போடாமல் அடையுங்கள் என்றுதான் சொன்னேன்.

கணக்கன்
வெள்ளவத்தையான் சொன்னதில்தான் விடை இருக்கிறது. 73 ரூபாயாக இருந்தபோதே நூறு ரூபாய்க்குக் கணக்குப் போட்டு வைத்ததால், ரூபாய் விழ விழ விலையை ஏற்றாமல் நாலு ஆண்டு ஓட்டினார்கள்.

மேலவீதிக்காரன்
ஆகா! "நூறு ரூபாய்க்குக் கணக்குப் போட்டு வைத்தார்கள்" என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. இதைத்தானே நான் முதல் பதிவிலிருந்து கத்துகிறேன்? டாலருக்கு நூறு. இரண்டு சுழியம்.

கணக்கன்
வரி உட்பட நூறு. வரி உட்பட! இதை எத்தனை தடவை எழுதுவது? 2020 ஏப்ரலில் கைபேசிக்கு 12 சதவீதத்திலிருந்து 18-க்கு ஏற்றினார்கள். அந்த ஆறு சதவீதத்தைப் பற்றி இந்த இழையில் ஒருவராவது வாய் திறந்தீர்களா? 2025 செப்டம்பர் 22-இல் பெரிய டி.வி.க்கும் ஏ.சி.க்கும் 28-இலிருந்து 18 ஆக்கினார்கள். கைபேசி அதே 18-இலேயே நின்றது. கோபம் வர வேண்டிய இடத்தில் உங்களுக்கு வராது.

மேலவீதிக்காரன்
ஏ.சி. பற்றி நீங்கள் பேசாமல் இருந்திருக்கலாம். "விலை இனி இறங்காது, இப்போதே வாங்கிப் போடுங்கள்" என்று கோடை முடிந்த கையோடு இங்கே ஒருவர் ஆலோசனை சொன்னாரே, யார் அவர்? நான் 28 சதவீதம் கட்டி வாங்கினேன். அடுத்தாற்போல் பத்து சதவீதம் குறைந்தது. அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஆன்ட்ராய்டு கைபேசியில் பாதி வாங்கியிருப்பேன்.

கணக்கன்
நான் சொன்னது ஜூலையில். வரி குறையப்போகிறது என்று பிரதமர் செங்கோட்டையில் அறிவித்தது ஆகஸ்ட் 15. ஒரு மாதம் முன்கூட்டியே அவர் என்னிடம் வந்து சொல்லவில்லை.

மேலவீதிக்காரன்
ஆகஸ்டில் சொன்னீர்கள்.

கணக்கன்
ஜூலை. அந்த இழை இன்னும் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

பழசே_போதும்
அந்த இழையில் எனக்கும் ஒரு மின்னழுத்த நிலைப்படுத்தியைப் பரிந்துரைத்தார். அதைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

ஒரகடத்துக்காரி
ப்ரோவின் இருபதாயிரத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

டாலஸ் மாமா
829 என்பதையும் யாரும் ஏற்கவில்லை.

கணக்கன்
மேலவீதியாரே, ஏ.சி. வாங்கிய ரசீதைப் படம் எடுத்துப் போடுங்கள். தேதியைப் பார்த்துவிடலாம்.

மேலவீதிக்காரன்
ரசீது என் மைத்துனரிடம் இருக்கிறது. அவர் கும்பகோணம் போயிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வந்ததும் போடுகிறேன். அதற்குள் நீங்கள் 13-க்குப் பதில் தயார் செய்யுங்கள். இறக்குமதி வரி என்று மறுபடியும் வந்தீர்களானால் 2022 ஏப்ரலைத்தான் எடுப்பேன்.