அணு உலைகள் பெருகினால் அனல்மின் நிலையங்கள் மூடப்படுமா?

செம்பூர்வாசி:
2047க்குள் 1,00,000 மெகாவாட் அணுமின்சாரம் என்பது 2025 பட்ஜெட் அறிவிப்பு. சிறு உலைகளுக்கென்று 20,000 கோடி ரூபாயும் ஒதுக்கினார்கள். மும்பைத் தமிழர்கள் பலர் இதை எதிர்ப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. அணுவின் பங்கு 3 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. மும்பையின் செம்பூரில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறேன். காலையில் துடைத்த ஜன்னல் கம்பியை மாலையில் தொட்டால் விரலில் கரி ஒட்டுகிறது. எந்தப் புகைபோக்கியின் கரி என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் என் பேரனின் நெபுலைசரை மேசையிலிருந்து எடுத்து வைத்த நாளே இல்லை. ஐ.நா. காலநிலைக் குழுவின் கணக்குப்படி, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி சுமார் 820 கிராம் கரியமில வாயுவை வெளியிடுகிறது. அணு 12 கிராம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

தாராவி நெல்லையான்:
ஐயா, பேரன் நலமாக இருக்கட்டும். ஆனால் கணக்கு இடிக்கிறது. தாராப்பூரில் முதல் உலை ஓடத் தொடங்கியது 1969இல். 2025 வரையிலான 56 ஆண்டுகளில் நாம் எட்டியது 8,780 மெகாவாட். மிச்சம் 91,000 மெகாவாட்டை 22 ஆண்டுகளில் கட்ட, ஆண்டுக்கு ஆறு 700 மெகாவாட் உலைகள் வேண்டும். குஜராத்தின் காக்ராபாரில் மூன்றாம் உலைக்கு 2010இல் கான்கிரீட் போட்டார்கள். வணிக உற்பத்தி 2023இல்தான். கல்பாக்கத்தில் ஈனுலை, அதாவது எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை, கட்டும் வேலை 2004இல் தொடங்கியது. எரிபொருள் நிரப்ப அனுமதி கிடைக்கவே 2024 ஆனது.

என் ஊர் ராதாபுரம் பக்கம். கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரைப் பந்தலில் பட்டினி கிடந்தவர்களில் என் பெரியம்மாவும் ஒருவர். "எரித்து முடித்ததை எங்கே வைப்பீர்கள்?" என்பதுதான் அவர் கேள்வி. 2013இல் உச்ச நீதிமன்றம் 15 நிபந்தனைகளோடு கூடங்குளத்தை அனுமதித்தது. தீர்ந்த எரிபொருளுக்குத் தனிக் கிடங்கு ஐந்தாண்டுகளில் வர வேண்டும் என்பதும் அதில் அடக்கம். 2018இல் கால நீட்டிப்புக் கேட்டார்கள். பெரியம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

டோம்பிவிலி கலா:
அண்ணாச்சி, கிடங்கு விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். ஆனால் மே மாத இரவு பதினொரு மணிக்கு மும்பையில் எத்தனை ஏசி ஓடுகிறது? அப்போது சூரியத் தகடு தூங்குகிறது. அந்த நேரத்துக்கு இன்று பெரும்பாலும் நிலக்கரியைத்தான் எரிக்கிறோம். தாமதமும் விதி அல்ல. 1974க்குப் பிறகு பிரான்ஸ் இருபது ஆண்டுகளுக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட உலைகளைக் கட்டியது. ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பக் கட்டியதால் முடிந்தது. 2017இல் மத்திய அமைச்சரவை பத்து 700 மெகாவாட் உலைகளுக்கு ஒரே நேரத்தில் ஒப்புதல் தந்ததும் இதே எண்ணத்தில்தான்.

"ஆபத்தில்லை என்றால் நகரத்துக்குள் வையுங்கள்" என்று யாரும் இங்கே சொல்ல வேண்டாம். மும்பை டிராம்பேயில் துருவா ஆராய்ச்சி உலை 1985இல் வந்தது. அதன் பக்கத்தில்தான் செம்பூரே இருக்கிறது.

தாராவி நெல்லையான்:
துருவா 100 மெகாவாட் வெப்பத் திறன் கொண்ட ஆராய்ச்சி உலை அக்கா. கூடங்குளத்தின் ஓர் உலை மட்டும் 1,000 மெகாவாட் மின்சாரம் தருவது. அதன் வெப்பம் சுமார் மூன்று மடங்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இரவுக்கு வேறு வழியே இல்லையா? மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, தேவையான நேரத்தில் இறக்கி 400 மெகாவாட் எடுக்கும் கடம்பாறை நீர்மின் நிலையம் நம் தமிழ்நாட்டிலேயே பல ஆண்டுகளாக இருக்கிறது. மும்பைக்குப் பின்னால் சஹ்யாத்ரி (மேற்குத் தொடர்ச்சி) மலையே நிற்கிறது.

போயிசர் மாலதி:
நீங்கள் பேசும் அணுவும் அனலும் சேர்ந்திருக்கும், மும்பைக்கு வடக்கே உள்ள கரையோரப் பகுதியில்தான் நான் வசிக்கிறேன். மேற்கே தாராப்பூர் உலைகள், வடக்கே டஹாணு அனல்மின் நிலையம். இரண்டும் மும்பைக்கு மின்சாரம் தருகின்றன. தாராப்பூரின் 3, 4ஆம் உலைகளுக்காக அக்கர்பட்டி, போப்ரண் ஊர்களைப் பெயர்த்தார்கள். டஹாணுவில் புகையிலிருந்து கந்தகம் நீக்கும் கருவி தானாக வரவில்லை. உச்ச நீதிமன்ற உத்தரவால் 1996இல் அமைந்த குழு வற்புறுத்தியதால் வந்தது. சப்போட்டாத் தோட்டக்காரர்களுக்கு அது சாதாரண வெற்றி அல்ல. எங்கள் பக்கத்து வீட்டு ஆஜி (பாட்டி) சப்போட்டாவைக் கூடையில் அடுக்கும் முன் ஒவ்வொரு பழத்தையும் முந்தானையில் துடைப்பார்.

அதே கருவி பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்குத் தேவையில்லை என்று 2025 ஜூலையில் மத்திய அரசு விலக்கு அளித்துவிட்டது. 2031-32க்குள் இன்னும் 80,000 மெகாவாட் அனல்மின்சாரம் சேர்க்கவும் திட்டம் இருக்கிறது. செம்பூர் ஐயா, அணு வந்தால் நிலக்கரி போகும் என்று எங்கே எழுதியிருக்கிறது? எந்த உலை ஓடத் தொடங்கினால் எந்த அனல்மின் நிலையம் மூடப்படும் என்று தேதியோடு சொன்னால் நான் உங்கள் பக்கம்.

செம்பூர்வாசி:
மாலதி அம்மா, அந்த விலக்கு பெரும் தவறு. நான் அணுவுக்காகப் பேசியதே நிலக்கரி போகும் என்ற நம்பிக்கையில்தான். இரண்டும் சேர்ந்தே வளரும் என்றால் என் பேரனுக்கு அதில் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் உலைகள் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மூடும் பட்டியலோடு சேர்த்துக் கேட்பேன்.

தாராவி நெல்லையான்:
அந்தப் பட்டியலோடு கிடங்கு எந்த இடத்தில், எந்த ஆண்டில் என்பதையும் கேளுங்கள் ஐயா. அதுவரை என் எதிர்ப்பு எதிர்ப்புதான்.