நொச்சி ஒத்தடம்: வேலை செய்வது இலையா, சூடா?

நொச்சிவேலி:
அம்மாவுக்கு முழங்கால் வீக்கம். நொச்சி இலையை விளக்கெண்ணெயில் வதக்கி, துணியில் முடிந்து பத்து நாள் ஒத்தடம் கொடுத்தேன். இப்போது மாடிப்படி ஏறுகிறார். வலி மாத்திரை செய்வதை இந்த இலையே செய்துவிடும். 2003-இல் கொழும்பு ஆய்வாளர்கள் இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்து, பாத வீக்கம் குறைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்களே.

மருந்துக்கடைக்காரன்:
எலிகள் சாற்றைக் குடித்தன; நீங்கள் கொடுத்தது ஒத்தடம். அப்புறம், அந்த வீக்கம் எப்படி வந்தது? கேராஜீனன் என்று கடற்பாசியில் எடுக்கும் சரக்கைப் பாதத்தில் ஊசியால் ஏற்றினால் சில மணி நேரத்தில் வீங்கும். வருஷக்கணக்கில் தேய்ந்த மூட்டும் அதுவும் ஒன்றா? தவிட்டு ஒத்தடத்துக்கும்தான் வலி குறைகிறது.

நொச்சிவேலி:
ஆஸ்பிரின் எங்கிருந்து வந்தது? வில்லோ மரத்தில் தொடங்கிய கதைதானே! அன்றைக்கு நீங்கள் இருந்திருந்தால் அதையும் பாட்டி வைத்தியம் என்று தள்ளியிருப்பீர்கள்.

மருந்துக்கடைக்காரன்:
கோட்டை காக்கிறவர்கள் நொச்சிப் பூ சூடுவார்களாம், நீங்களும் விடாமல் காக்கிறீர்கள்! சரி, வில்லோ கதையையே பார்ப்போம். பட்டையிலிருந்து சாலிசின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தது 1828-இல். அதன் வழி வந்த சாலிசிலிக் அமிலம் வலியைக் குறைத்தது, வயிற்றைக் கெடுத்தது. 1897-இல் பேயர் நிறுவனத்தில் அதை மாற்றி ஆஸ்பிரின் ஆக்கினார்கள். வீக்கத்தைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் உடலில் உருவாவதை அது தடுக்கிறது என்று மருந்தியல் ஆய்வாளர் ஜான் வேன் காட்டியது 1971-இல்தான். மரத்திலிருந்து மாத்திரைக்கு வர அத்தனை வேலை. நொச்சி இலையிலும் காஸ்டிசின் என்ற ஃபிளேவனாய்டு, அதாவது ஒருவகைத் தாவர வேதிப்பொருள், இருக்கிறது, மறுக்கவில்லை. உங்கள் ஒரு பிடி இலையில் அது எவ்வளவு? தோலைத் தாண்டி மூட்டுக்குப் போவது எவ்வளவு?

கிணத்தடி:
குறுக்கே வருகிறேன். என் மாமியாருக்குச் சிறுநீரகக் கோளாறு. டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை பக்கமே போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இலையோ சூடோ, எங்களுக்கு ஒத்தடம்தான் கதி.

மருந்துக்கடைக்காரன்:
தாராளமாகக் கொடுங்கள் அக்கா, தோல் மட்டும் வெந்துவிடாமல் பாருங்கள். சாற்றைக் குடிக்கக் கொடுத்துவிடாதீர்கள், அதுதான் என் பயம்.

நொச்சிவேலி:
குடிக்கச் சொன்னது யார்?

மருந்துக்கடைக்காரன்:
நல்லது. அம்மாவுக்கு இரண்டு காலும் வலிக்கிறது என்றால் ஒன்றுக்கு நொச்சி, மற்றதுக்கு வெறும் தவிடு, ஒரே சூட்டில் பத்து நாள் கொடுங்கள். எது எந்தக் காலுக்கு என்று மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள்.

நொச்சிவேலி:
சொல்லாவிட்டால்? நொச்சி வதங்கினால் வாசனை தெருமுனை வரை வரும் சார்!