புதுப்பிப்பு: மதுரையிலிருந்து கோவைக்கு கேஸ் இணைப்பு மாற்றம் முடிந்தது

வீடு மாறும்போது கேஸ் இணைப்பை எப்படி மாற்றுவது என்று கேட்டிருந்தேன்; பதிலளித்த அனைவருக்கும் நன்றி. சிலிண்டரை லாரியில் ஏற்றாமல் மதுரை ஏஜென்சியிலேயே ஒப்படைத்து, இணைப்பை வேறு ஊருக்கு மாற்றுவதற்கான சீட்டு வாங்கச் சொன்ன யோசனையே பலித்தது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பெற்றுக்கொண்டு, பழைய ரசீதில் உள்ள வைப்புத்தொகையைத் திருப்பித் தந்தார்கள். அடுப்பு, ரப்பர் குழாய், கேஸ் புத்தகம் ஆகியவற்றைக் கேட்கவில்லை. எதிர்பாராதது என்னவென்றால், நிலுவையில் கிடந்த சிலிண்டர் முன்பதிவை ரத்து செய்த பிறகே சீட்டு கிடைத்தது. உள்ளே மீதமிருந்த எரிவாயுவுக்குக் காசு இல்லை என்பதால், தீரும் தறுவாயில் ஒப்படைப்பதே லாபம். கோவையில் அந்தச் சீட்டோடு ஆதாரையும் வாடகை ஒப்பந்தத்தையும் காட்டி, வைப்புத்தொகை கட்டியதும் இணைப்பு வந்துவிட்டது. ஒரே ஊருக்குள் ஏஜென்சி மட்டும் மாறுபவர்கள் சிலிண்டரை ஒப்படைக்க வேண்டியதில்லை.