சொந்தமாகத் தொகுத்த கெர்னலில் வைஃபையும் யுஎஸ்பி–ஆர்எஸ்485 அடாப்டரும் காணவில்லை

அம்பத்தூர் பட்டறை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறிய லேத் பட்டறை நடத்துகிறேன். பழைய மில்லிங் இயந்திரம் ஒன்றை, இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருளான லினக்ஸ்சிஎன்சி கொண்டு இயக்க வேண்டும் என்பதற்காக, ஒரு மேசைக்கணினியில் டெபியன் 12 நிறுவியிருக்கிறேன். கணினியின் ஈதர்நெட் போர்ட் முழுவதுமாக, இயந்திரத்தின் மோட்டார்களுக்குக் கட்டளை அனுப்பும் மீசா கார்டுக்கே ஒதுக்கப்பட்டுவிட்டதால், இணையத்துக்கு உள்ளே இருக்கும் இன்டெல் வைஃபை மட்டுமே வழி. ஸ்பிண்டில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டியுடன் பேசுவதற்கு, ரிச்சி தெருவில் வாங்கிய சிஎச்340 சிப் உள்ள யுஎஸ்பி–ஆர்எஸ்485 அடாப்டரைப் பயன்படுத்துகிறேன்.

இயந்திரக் கட்டுப்பாட்டுக்கு வேண்டிய நேரத் துல்லியத்தைத் தரும் ப்ரீஎம்ப்ட்-ஆர்டி (சுருக்கமாக ஆர்டி), 6.12 பதிப்பிலிருந்து லினக்ஸின் மையமான மூலக் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டதால், தனி பேட்ச் எதுவும் போடாமல் அதையே தொகுத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். டெபியன் கெர்னலின் அமைப்புகள் அடங்கிய கான்ஃபிக் கோப்பை நகலெடுத்து, 'மேக் லோக்கல்யெஸ்கான்ஃபிக்' ஓட்டி, புதிதாகக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் என்டர் தட்டி, பிறகு மெனுகான்ஃபிக் என்ற தேர்வுப் பட்டியலில் ஆர்டியைத் தேர்ந்தெடுத்துத் தொகுத்தேன். கணினி ஒழுங்காகத் தொடங்குகிறது. மீசா கார்டும் பதில் சொல்கிறது. ஆனால் வைஃபை இடைமுகமே தோன்றவில்லை. அடாப்டரைச் செருகினால் அதற்கான சாதனக் கோப்பான டிடிஒய்யுஎஸ்பி0 உருவாவதில்லை. இணையத்துக்காகக் கைபேசியை யுஎஸ்பி வழியாக இணைத்துப் பார்த்தேன், அதுவும் வரவில்லை. மெனுகான்ஃபிக்கில் '340' என்று தேடியபோது என் சிப்புக்கான டிரைவர் எதுவும் கிடைக்கவில்லை. டெபியனின் பழைய கெர்னலுக்குத் திரும்பினால் மூன்றும் வேலை செய்கின்றன. 6.12 பதிப்பில் இவற்றுக்கான ஆதரவை நீக்கிவிட்டார்களா?

தரமணி (மறுமொழி):

வணக்கம் ஐயா. எதையும் நீக்கவில்லை; மூன்று டிரைவர்களும் 6.12 மூல நிரலில் அப்படியே இருக்கின்றன. உங்கள் கெர்னலுக்குள் அவை எப்படி வந்தன, அல்லது ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் பெரும்பாலும் நீங்கள் ஓட்டிய லோக்கல்யெஸ்கான்ஃபிக் கட்டளையிலேயே இருக்கிறது.

அந்தக் கட்டளை, எல்எஸ்மாட் தரும் பட்டியலைப் பார்த்து, அந்த நொடியில் நினைவகத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை (தேவைப்படும்போது தனியாக ஏற்றப்படும் கெர்னல் பகுதிகளை) மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடுகிறது. அதை ஓட்டியபோது அடாப்டர் செருகப்படாமல் மேசை இழுப்பறையில் இருந்திருந்தால், கெர்னலின் பார்வையில் அப்படி ஒரு பொருளே உங்களிடம் இல்லை. கைபேசியின் இணையப் பகிர்வுக்குத் தேவையான ஆர்என்டிஐஎஸ் டிரைவருக்கும் அதே கதிதான் நேர்ந்திருக்கும்.

'340' என்று தேடிக் கிடைக்காததற்குக் காரணம் வேறு. சிப்பின் பெயர் சிஎச்340 என்றாலும் அதற்கான டிரைவரின் பெயர் சிஎச்341. மெனுகான்ஃபிக்கில் சாய்கோடு தட்டித் தேடும்போது அது விருப்பங்களின் குறியீட்டுப் பெயர்களில் மட்டுமே தேடும் என்பதால், 'சிஎச்341' என்று தட்டினால் உடனே கிடைக்கும். பொதுவாகவே, கடையில் சொல்லும் பெயரை நம்பித் தேடாமல் அடையாள எண்ணை வைத்துத் தேடுவது நல்லது. உங்கள் அடாப்டரை, யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை 1ஏ86:7523 என்று காட்டும் என்று நினைக்கிறேன். டெபியன் கெர்னலில் தொடங்கி, அடாப்டரைச் செருகிவிட்டு, கெர்னலின் செய்திப் பதிவைக் காட்டும் டிமெசேஜ் பார்த்தால் எந்த டிரைவர் அதை எடுத்துக்கொள்கிறது என்பது அங்கேயே எழுதியிருக்கும். வைஃபைக்கு 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' கட்டளையின் வெளியீட்டில் 'டிரைவர் இன் யூஸ்' என்ற வரியைப் பாருங்கள்.

ஆனால் வைஃபை இந்தக் கணக்கில் சேராது. அது உள்ளேயே இருப்பது. அதன் மாட்யூல் நிச்சயம் ஏறியிருந்திருக்கும். எனவே அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். புதிய கெர்னலில் டிமெசேஜ் வெளியீட்டை, இன்டெல் வைஃபை டிரைவரின் பெயரான ஐடபிள்யுஎல்வைஃபை என்று வடிகட்டிப் பதிவிடுங்கள்.

அம்பத்தூர் பட்டறை:

மிக்க நன்றி. தாங்கள் ஊகித்தது சரி, தொகுத்த நாளில் அடாப்டர் செருகப்படவில்லை. இப்போது செருகினால் எல்எஸ்யுஎஸ்பி 1ஏ86:7523 என்று காட்டுகிறது. டிமெசேஜில் புதிய யுஎஸ்பி சாதனம் வந்தது என்ற வரியோடு எல்லாம் நின்றுவிடுகிறது.

வைஃபைக்கு ஃபர்ம்வேர் கோப்பை (சிப்புக்குள் ஏற்ற வேண்டிய மென்பொருளை) ஏற்ற முடியவில்லை, பிழை -2 என்று பல வரிகள், ஒவ்வொன்றிலும் பதிப்பு எண் ஒன்று குறைந்துகொண்டே வருகிறது. கடைசியில் பொருத்தமான ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்று முடிகிறது. அதற்கு மேலே, வைஃபை அலைவரிசை விதிகள் அடங்கிய ரெகுலேட்டரி.டிபி கோப்புக்கும் அதே -2 இருக்கிறது. ஆனால் அந்தக் கோப்புகள் எல்லாம் லிப்/ஃபர்ம்வேர் அடைவில் இருப்பதை என் கண்ணால் பார்த்தேன்.

பெரம்பூர் (மறுமொழி):

கோப்புகள் வட்டில் இருக்கின்றன. டிரைவர் கேட்ட நேரத்தில் அந்த வட்டுதான் இல்லை. லோக்கல்யெஸ்கான்ஃபிக், பெயருக்கேற்ப, ஏறியிருந்த மாட்யூல்கள் அனைத்தையும் கெர்னலுக்குள்ளேயே கட்டிவிடுகிறது. அப்படி உள்ளே கட்டப்பட்ட வைஃபை டிரைவர், வட்டில் உள்ள மூலக் கோப்பமைப்பு (ரூட்) ஏற்றப்படுவதற்கு முன்பே விழித்துக்கொண்டு ஃபர்ம்வேரைத் தேடுகிறது. அப்போது அதற்குத் தெரிவது, கணினி தொடங்கும்போது நினைவகத்தில் ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ் மட்டுமே. -2 என்ற எண்ணுக்கு 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்பதுதான் பொருள். எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை ஓட்டி, உள்ளே ஐடபிள்யுஎல்வைஃபை கோப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்தால் இது உறுதியாகிவிடும்.

இந்த இடத்தில் பலர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. ஐடபிள்யுஎல்வைஃபை தனக்குத் தெரிந்த மிகப் புதிய ஃபர்ம்வேரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக இறங்கிவரும் என்பதால், நன்றாக வேலை செய்யும் கணினியில்கூட முதல் சில வரிகள் -2 என்று வரலாம். கடைசி வரியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்களிடம் கடைசி வரியும் தோல்வி, ரெகுலேட்டரி.டிபியும் தோல்வி; எனவே ஐயமில்லை.

தீர்வு எளிது. சிஎஃப்ஜி80211, மேக்80211, ஐடபிள்யுஎல்வைஃபை, ஐடபிள்யுஎல்எம்விஎம் ஆகிய நான்கையும் 'எம்' ஆக மாற்றுங்கள். மாட்யூலாக இருந்தால் அவை வட்டு ஏறிய பிறகுதான் விழிக்கும். எக்ஸ்ட்ரா_ஃபர்ம்வேர் என்ற விருப்பத்தின் மூலம் கோப்புகளையே கெர்னலுக்குள் வைத்துக் கட்டுவதும் சாத்தியம்தான்; ஆனால் ஃபர்ம்வேர் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் மீண்டும் தொகுக்க வேண்டியிருக்கும் என்பதால், பட்டறைக் கணினிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வட்டையும் கோப்பமைப்பையும் உள்ளே கட்டுவதில் பொருள் உண்டு. ஃபர்ம்வேர் கேட்கும் சாதனங்களை மாட்யூலாகவே விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். டெபியன் 12 களஞ்சியத்திலேயே 6.1 பதிப்புக்கு ஆர்டி கெர்னல் தொகுப்பு ஆயத்தமாகக் கிடைக்கிறது. அதில் உங்களுக்குத் தேவையான இந்த டிரைவர்கள் மாட்யூலாக இருக்கும். இயந்திரம் ஓடினால் போதும் என்பது நோக்கமானால், அதை முதலில் சோதித்துப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

தரமணி:

பெரம்பூர் நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அடுத்த முறை லோக்கல்யெஸ்கான்ஃபிக் வேண்டாம், லோக்கல்மாட்கான்ஃபிக் போதும். அதற்கு முன் டெபியன் கெர்னலில் கணினியை இயக்கி, பட்டறையில் பயன்படுத்தும் அடாப்டர், கைபேசி, பென் டிரைவ், எல்லாவற்றையும் ஒருமுறை செருகி, பென் டிரைவைத் திறந்தும் பாருங்கள். ஏனென்றால் எக்ஸ்ஃபேட் போன்ற கோப்பமைப்பு மாட்யூல்கள் திறக்கும்போதுதான் ஏறுகின்றன. பிறகு எல்எஸ்மாட் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து, மேக் கட்டளையில் எல்எஸ்மாட் என்ற மாறிக்கு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். இருப்பதையே திருத்த வேண்டுமானால் முழுவதும் மறுபடி தொகுக்கத் தேவையில்லை. மாறிய பகுதிகளை மட்டும் மேக் தொகுத்துக்கொள்ளும். தொகுத்த மாட்யூல்களை நிறுவும் மாட்யூல்ஸ்_இன்ஸ்டாலை மறந்துவிடாதீர்கள்.

அம்பத்தூர் பட்டறை:

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் ஃபர்ம்வேர் ஒன்றுகூட இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டேன். பிறகு டெபியன் கெர்னலில் அடாப்டரையும் கைபேசியையும் செருகிப் பட்டியலைச் சேமித்து, லோக்கல்மாட்கான்ஃபிக் வழியாகப் புதிதாகத் தொகுத்தேன். வைஃபை வந்துவிட்டது, கைபேசிப் பகிர்வும் வந்துவிட்டது. அடாப்டரைச் செருகியதும் சிஎச்341 அதை டிடிஒய்யுஎஸ்பி0 உடன் இணைத்தது என்ற வரி டிமெசேஜில் தெரிகிறது.

ஆயத்த ஆர்டி கெர்னல் பற்றிச் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். அதையும் நிறுவி, கணினி தொடங்கும்போது கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் கிரப் பட்டியலில் இரண்டாவதாக வைத்திருக்கிறேன். வேலை நாளில் புதிய கெர்னல் தகராறு செய்தால் இயந்திரம் நிற்கக் கூடாது. சொந்தமாகத் தொகுப்பதை விடவும் மனமில்லை, ஏனென்றால் அடுத்து இரண்டாவது இயந்திரத்துக்கும் இதையே செய்ய வேண்டியிருக்கிறது. எல்எஸ்மாட் பட்டியல் கோப்பைப் பட்டறைக் கணினியிலேயே தேதியிட்டு வைத்திருக்கிறேன். இன்று மாலை விஎஃப்டிக்கு, அடாப்டர் மூலம் மாட்பஸ் என்ற தொடர்பு நெறிமுறை வழியாக 1,200 சுற்று என்று கொடுத்தேன். ஸ்பிண்டில் அதே வேகத்தில் சுழன்றது.